பத்து லிட்டரில் ஒரு ஏக்கர்: ட்ரோனில் அடித்த மருந்து பிடிக்காமல் போவது ஏன்?

கேள்வி இது: மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் நாலு ஏக்கர் நெல், ஒன்றரை ஏக்கர் கரும்பு, முப்பது சென்ட் மல்லிகை. ஆள் கிடைக்காததால் போன மாதம் நெல்லுக்கு ட்ரோன் வைத்து மருந்து அடித்தும் இலைச்சுருட்டுப்புழு அடங்கவில்லை. ட்ரோனில் அடித்தால் மருந்து பிடிக்காதா? வாடகைக்கே எடுப்பதா, மானியத்தில் சொந்தமாக வாங்கிவிடலாமா?

மருந்து பிடிக்கும். இலைச்சுருட்டுப்புழு ட்ரோனுக்கு நன்றாகவே கட்டுப்படக்கூடிய பூச்சி, ஏனென்றால் அது இருப்பது மேல் இலைகளில். அதுவே அடங்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இயந்திரத்தை அல்ல, கலவை வாளியை.

அதற்கு முன் வயலுக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். புழு எங்கே தப்பியிருக்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. வயல் முழுக்க ஒரே சீராகச் சேதம் தொடர்ந்தால் அளவு குறைந்திருக்கிறது. பட்டை பட்டையாக, ஒரு பட்டை பச்சை, ஒரு பட்டை வெளுப்பு என்று இருந்தால் ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது, அல்லது ஒரு நாசில் (தெளிப்பு முனை) அடைத்துக்கொண்டது. வரப்போரம் மட்டும் தப்பியிருந்தால் எல்லைக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்கள். மேல் இலை சுத்தமாக, நடு இலையில் மட்டும் புழு இருந்தால் துளியின் அளவும் பறந்த உயரமும் தப்பு. இந்த நாலில் ஊர்ப்பக்கம் அதிகம் நடப்பது முதலாவதுதான்.

காரணம் நம் கணக்கு முறை. மருந்துக் கடையில் “டேங்குக்கு எவ்வளவு?” என்று கேட்டுப் பழகிவிட்டோம். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால், 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் ஆகும். நெல்லில் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் தண்டு துளைப்பானுக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி (கூழ் மாதிரியான திரவ மருந்து வகை) ஏக்கருக்கு 60 மில்லி. அதை டேங்குக்குப் பிரித்தால் கிட்டத்தட்ட 5 மில்லி. இந்த “டேங்குக்கு 5 மில்லி” தலையில் உட்கார்ந்துகொள்கிறது. ட்ரோன் வந்து நிற்கிறது. அதன் டேங்க் 10 லிட்டர், பழைய டேங்கைவிடச் சின்னது. “சின்ன டேங்க்தானே, 5 மில்லி போதும்” என்று ஊற்றினால் ஏக்கருக்குப் போய்ச் சேருவது 5 மில்லி. பன்னிரண்டில் ஒரு பங்கு. புழுவுக்கு அது மருந்தே அல்ல.

ட்ரோனில் மாறுவது தண்ணீர் மட்டும்தான். ஏக்கருக்கு உண்டான மருந்து அப்படியே இருக்க வேண்டும். 60 மில்லி என்றால் 60 மில்லியும் அந்தப் பத்து லிட்டருக்குள் போக வேண்டும். கலவையைப் பார்த்தால் கெட்டியாகத் தெரியும், வாடை தூக்கலாக இருக்கும், “பயிர் கருகிவிடும்” என்று யாராவது பாதியைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்க வேண்டாம். ஒரு சதுர அடி இலைமேல் விழும் மருந்தின் எடை இரண்டு முறையிலும் ஒன்றுதான். கைத்தெளிப்பானில் இலை நனைந்து, வழிந்து, கணிசமான பங்கு சேற்றுக்குப் போகும். இங்கே வழிவதற்கே தண்ணீர் இல்லை.

கருகல் பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. அது நியாயமாகும் இடம் இலைவழி உரம். 2 சதவீத டிஏபி என்றால் 200 லிட்டருக்கு 4 கிலோ. அந்த 4 கிலோவை 10 லிட்டரில் போட்டால் 40 சதவீதக் கரைசல். முழுதாகக் கரையவும் கரையாது. கரைந்த மட்டும் இலை ஓரத்தைச் சுட்டுவிடும், கரையாதது நாசிலை அடைக்கும். உளுந்துக்கு டிஏபி தெளிப்பதைக் கைத்தெளிப்பானிடமோ பவர் ஸ்பிரேயரிடமோ விட்டுவிடுங்கள். தாமிரம், கந்தகம் கலந்த பூஞ்சாணக் கொல்லிகளையும் இவ்வளவு செறிவில் புதிதாக அடிப்பதாக இருந்தால், முதலில் இரண்டு சென்ட்டில் அடித்து மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

கலக்கும் விதமும் பத்து லிட்டரில் முக்கியமாகிவிடுகிறது. 200 லிட்டரில் காட்டிக்கொடுக்காத பொருத்தமின்மை இங்கே தயிர் திரிந்த மாதிரி தெரியும். இரண்டு மருந்து சேர்ப்பதாக இருந்தால் முந்தின நாளே ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மண்டி, மேலே எண்ணெய்ப் படலம், கட்டி, பாட்டில் சூடாவது, இவற்றில் எது தெரிந்தாலும் சேர்க்காதீர்கள். கலக்கும் வரிசை: பாதித் தண்ணீர், பிறகு நனையும் தூளும் குருணையும், அடுத்து எஸ்சி, அடுத்து ஈசி (தண்ணீரில் பாலாகும் எண்ணெய் வகை), கடைசியில் தண்ணீரோடு முழுக்கக் கரையும் திரவங்கள், பிறகு மீதித் தண்ணீர். தூளைத் தனிக் குவளையில் கூழாகக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். ட்ரோன் டேங்குக்குள் நேராக எதையும் கலக்காதீர்கள். வாளியில் கலக்கி, சல்லடை வழியாக வடித்து ஊற்றுங்கள். டால்க் பொடியில் வரும் நுண்ணுயிர் மருந்துகளான சூடோமோனாஸ், டிரைகோடெர்மா நாசிலுக்கு எமன். திரவ வடிவில் கிடைத்தால் மட்டும் ட்ரோனில்.

மேலூர், கொட்டாம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் பல கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பு. உவர்த் தண்ணீரில் சில மருந்துகள் திரியும், சில வீரியம் இழக்கும். 200 லிட்டர் தேவைப்பட்டபோது அதற்கு வழியில்லை. இப்போது ஏக்கருக்குப் பத்தே லிட்டர். குடிதண்ணீர்க் கேன் ஒன்று இரண்டு ஏக்கருக்குக் காணும். ட்ரோன் தரும் லாபங்களில் யாரும் பேசாத லாபம் இது.

அடுத்து வேகம். வாடகை ஏக்கர் கணக்கு என்பதால் ஓட்டுபவருக்கு வேகமாகப் போகத்தான் தோன்றும். ஒரு ஓட்டத்தில் நனையும் அகலம் 4 மீட்டர், வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 960 சதுர மீட்டர் நனையும். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஏக்கருக்கு 10 லிட்டர் விழ நிமிடத்துக்கு 2.4 லிட்டர் வெளியேற வேண்டும். நாலு நாசில் இருந்தால் ஒவ்வொன்றும் 0.6 லிட்டர். சந்தையில் 110-015 என்று எண் போட்ட விசிறி நாசில் 3 பார் அழுத்தத்தில் கொடுப்பது கிட்டத்தட்ட இதே அளவு, 0.59 லிட்டர். அதாவது பத்து லிட்டர் ட்ரோனுக்கு இந்தக் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதே ட்ரோனை நொடிக்கு 6 மீட்டரில் விரட்டினால் நிமிடத்துக்கு 1,440 சதுர மீட்டர். பம்பு அதே 2.4 லிட்டரையே தள்ளினால் ஏக்கருக்கு விழுவது ஆறே முக்கால் லிட்டர். மருந்தும் அதே விகிதத்தில் குறையும். வேகத்துக்குத் தக்கபடி பம்பு தானாக ஏறும் வகையாக இருந்தால் வேறு தொல்லை. வெளியேறும் அளவை ஒன்றரை மடங்காக்க அழுத்தத்தை இரண்டே கால் மடங்காக்க வேண்டும். பல பம்புகளுக்கு அந்த வலு கிடையாது. வலு இருந்தாலும் துளி பொடிந்து புகையாகப் போகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வெள்ளைப் புகை மாதிரி வயல்மேல் மிதக்கும். அது உங்கள் வயலில் இறங்காது, அடுத்தவர் வயலுக்குப் போகும். நொடிக்கு 4, மிஞ்சிப் போனால் 4.5 மீட்டர் என்று வண்டி வரும் முன்பே பேசிவிடுங்கள். உயரம், பயிரின் தலைக்கு மேல் 2 மீட்டரை ஒட்டி. ஒன்றரைக்குக் கீழே வந்தால் கீழ்நோக்கிய காற்று பயிரைச் சாய்க்கும். நெல் பால் பிடிக்கும் பருவத்தில் அப்படிச் சாய்ந்தது நிமிராது. 3 மீட்டருக்கு மேலே போனால் அந்தக் காற்றின் பிடி விட்டுப் போய் துளிகள் தன் இஷ்டத்துக்கு அலையும். ட்ரோனின் சூட்சுமமே அந்தக் காற்றுதான். இலையைப் புரட்டி உள்ளே துளியை இறக்குவது அதுதான்.

எவ்வளவு விழுந்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஈரம் பட்டால் மஞ்சள் நீலமாகும் சோதனைக் காகிதம் உண்டு. கிடைக்காவிட்டால் வழவழப்பான வெள்ளைப் புகைப்படக் காகிதத்தை விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டி, மேல் இலை, நடு இலை, தூர் என்று மூன்று உயரத்தில் குச்சியில் செருகுங்கள். வெறும் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து இரண்டு ஓட்டம் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டும். செடிக்குள் ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்துக்கு 20 முதல் 30 புள்ளி போதும். தொட்டால் மட்டும் வேலை செய்யும் பூஞ்சாணக் கொல்லிக்கு 50க்கு மேல் வேண்டும். மேல் அட்டையில் 40, தூரில் 3 என்று வந்தால் அந்த வேகத்தில், அந்த உயரத்தில் தூரில் இருக்கும் புகையான் பூச்சிக்கு அடிப்பது வீண் என்று பணம் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும். சோதனையின்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே குவளை பிடித்து ஒரு நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் அந்த நாசிலைக் கழற்றி மாற்ற வேண்டும். ஊசி விட்டுக் குத்தக் கூடாது, துளை அகன்றுவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

புகையான் என்றேன். நெல்லில் ட்ரோன் தோற்கும் இடம் அதுதான். அந்தப் பூச்சி தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரில் அப்பிக்கொண்டிருக்கும். மூடிய பயிருக்குள் பத்து லிட்டர் தண்ணீரில் அடித்த துளி அங்கே போய்ச் சேராது. தண்ணீரை வடித்து, நடவில் பட்டம் (நடக்க விடும் இடைவெளி) விட்டிருந்தால் அதில் நடந்து, கைத்தெளிப்பானால் தூரைப் பார்த்து அடிப்பதுதான் வழி. குலை நோய், இலைச்சுருட்டுப்புழு, கதிர் நாவாய்ப்பூச்சி மூன்றும் ட்ரோனுக்கு நல்ல இரை. இலைச்சுருட்டுப்புழுவுக்கும் நாள் உண்டு: தூர் கட்டும் பருவத்தில் இலைச் சேதம் 10 சதவீதம், பூக்கும் பருவத்தில் கொடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம் தொட்டதும் அடித்துவிட வேண்டும். முழு வயலும் வெளுத்த பிறகு அடித்தால் புழு பெரிதாகி, சுருட்டிய இலைக்குள் பத்திரமாக இருக்கும். தழைச்சத்தைக் கூட்டிப் போட்ட வயலுக்குத்தான் இந்தப் புழு தேடி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூரியா மூட்டையை அப்படியே வைத்துக்கொண்டு ட்ரோனைத் திட்டிப் பயனில்லை.

கரும்பைப் பொறுத்தவரை மறுபேச்சே இல்லை. ஐந்து மாதத்துக்கு மேல் சோகைக்குள் ஆள் நுழைய முடியாது. மேலிருந்து அடிக்க வேறு வழியும் கிடையாது. அங்கே 12 முதல் 15 லிட்டர் வரை தண்ணீரைக் கூட்டி, வேகத்தை 3 மீட்டருக்குக் குறையுங்கள். டி.கல்லுப்பட்டி, பேரையூர், சேடப்பட்டி பக்கத்து மானாவாரி மக்காச்சோளத்துக்கும் ட்ரோன் வாய்த்த கருவி. 2018இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட படைப்புழு குருத்துக்குள் ஒளிந்திருக்கும். மேலிருந்து விழும் துளி நேராகக் குருத்துக்குள்ளேயே இறங்கும். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி (தண்ணீரில் கரையும் குருணை) என்றால் லிட்டருக்கு 0.4 கிராம், 200 லிட்டர் கணக்கில் ஏக்கருக்கு 80 கிராம். ட்ரோனிலும் அதே 80 கிராம். சோழவந்தான் பக்கத்து வாழையில் இலைப்புள்ளி நோய்க்கும் சரிவரும். தென்னையில் சுருள் வெள்ளை ஈக்கு அவ்வளவாக வராது. அது ஓலைக்கு அடியில் உட்காருகிறது, மருந்து ஓலைக்கு மேலே விழுகிறது.

காலநிலைக்கு வருவோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் பொடித்துளி எங்கே நிற்கும்? ஆனி, ஆடியில் காலை எட்டரை மணிக்கு மேல் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலான நாள் அடிக்க முடியாது. மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் வேலையை நிறுத்த வேண்டும். கருவி இல்லையா, வரப்பில் நிற்கும் வேம்பைப் பாருங்கள்: இலை அசையலாம், சிறு கிளை ஆடக் கூடாது. அதே சமயம் மார்கழி விடியலில் காற்றே இல்லாமல், மூடுபனி தரையில் படிந்திருக்கும் நேரமும் ஆகாது. கொஞ்சம் சருகைக் கொளுத்திப் பாருங்கள். புகை மேலே எழும்பினால் அடிக்கலாம். பத்தடி உயரத்தில் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டால், உங்கள் மருந்தும் அப்படியே மிதந்து எங்கோ போய்த்தான் இறங்கும். பனி சொட்டும் இலையிலும் வேண்டாம். செறிந்த துளி பனியோடு சேர்ந்து வழிந்துவிடும். 35 டிகிரிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் சிறு துளிகள் விழும் வழியிலேயே வற்றும். பூத்திருக்கும் நெல்லுக்குக் காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை பூ விரியும் நேரம், அப்போதும் கூடாது. எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். “ஒரு நாளைக்கு முப்பது ஏக்கர்” என்று விளம்பரத்தில் போடுவது இந்தக் கழித்தலுக்கு முந்தைய கணக்கு.

அண்டை வயல் பருத்தியாக இருந்தால் 2,4-டி களைக்கொல்லியை ட்ரோனில் தொடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு பட்டாலே பருத்தி இலை விரல் விரலாகச் சுருங்கிவிடும். வெற்றிலைக் கொடிக்கால், மல்பெரி, தேனீப் பெட்டி, மீன் விட்ட கண்மாய் பக்கத்தில் இருந்தால் முந்தின நாளே அவர்களிடம் சொல்லுங்கள். காற்று அவர்கள் பக்கம் வீசும்போது அந்த ஓரத்தை விட்டுவிட்டுக் கையால் அடியுங்கள்.

இயந்திரம் எங்கே மண்டியிடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மேலூர்ப் பக்கத்து வயல்கள் சிறு சிறு துண்டு. வரப்பில் தென்னை, குறுக்கே மின்கம்பி, கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி. தடை உணரும் ரேடாருக்கு மெல்லிய கம்பி பல நேரம் தெரியாது. எல்லை குறிக்கும்போதே கம்பங்களையும் மரங்களையும் தடையாகக் குறிக்கச் சொல்லுங்கள். சிக்னல் போனால் தானாகத் திரும்பி வரும் உயரத்தை 15 மீட்டரில் விட்டு வைப்பது பலரின் பழக்கம். முதிர்ந்த தென்னை 20 மீட்டரைத் தாண்டும். திரும்பி வரும் ட்ரோன் நேராக மட்டையில் போய்ச் சொருகும். தென்னை உள்ள இடத்தில் அதை 30 மீட்டருக்கு மாற்ற வேண்டும். டிராக்டர், போர்வெல் இரும்புக் குழாய், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வைத்துக் கிளப்பினால் திசைகாட்டி குழம்பி, எழும்பியதும் வட்டமடிக்கும். பாதி நிறைந்த டேங்கில் தண்ணீர் தளும்பித் திருப்பங்களில் ஆட்டம் காட்டும். மடிப்புக் கையின் பூட்டு சரியாக விழாமல் கிளம்புவதுதான் விபத்துகளிலேயே அசட்டுத்தனமானது. விரலால் இழுத்துப் பார்க்க ஐந்து வினாடி ஆகாது.

இனி வாங்குவதா, வாடகையா. உங்களுக்கு ஐந்தரை ஏக்கர். மல்லிகையைச் சேர்க்கவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். வருடத்துக்கு நாலு முறை அடித்தாலும் 22 ஏக்கர் வேலை. ஏக்கருக்கு 500 ரூபாய் வாடகை என்று வைத்தால் 11,000 ரூபாய். இதற்காக லட்சக்கணக்கில் போட்டு ட்ரோன் வாங்க வேண்டியதில்லை. தொழிலாக நடத்தலாமா என்றால், பேட்டரிக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பத்து லிட்டர் ட்ரோனுக்கு 22.2 வோல்ட், 16 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து ஓட்டுவது வழக்கம். ஒரு ஜோடி ஒரு ஏக்கரை முடிக்கும். அதன் ஆயுள் 200 முதல் 300 சார்ஜ். ஜோடி ஐம்பதாயிரம் ரூபாய், 250 சார்ஜ் என்று கொண்டால் ஏக்கருக்கு 200 ரூபாய் பேட்டரியே தின்கிறது. வயலில் ஜெனரேட்டரில் சார்ஜ் போட ஏக்கருக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல், 40 ரூபாய். ஓட்டுபவர், உதவியாள் சம்பளம் 1,900 ரூபாயை ஒரு நாள் 15 ஏக்கருக்குப் பிரித்தால் 127. வண்டி வாடகை, பழுது, காப்பீடு சேர்த்து நூறு. 467 ஆயிற்று, ட்ரோனின் விலையை இன்னும் எடுக்கவே இல்லை. அடர்த்தியாக வேலை கிடைத்து, பேட்டரியை ஒழுங்காகப் பேணினால்தான் இதில் மிச்சம் உண்டு.

பேணுவது என்றால் இதுதான். முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட்; பன்னிரண்டு செல்லுக்கு 50.4. செல்லுக்கு 3.6, அதாவது மொத்தம் 43 வோல்ட் தொட்டதும் இறக்கிவிட வேண்டும். “இன்னும் அரை ஓட்டம்தானே” என்று இழுக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரியின் ஆயுள் கரையும். இறங்கியதும் கை சுடும் பேட்டரியை அப்படியே சார்ஜில் மாட்டாமல் நிழலில் ஆறவிட வேண்டும்; மதுரையின் சித்திரை வெயிலில் அதற்கே இருபது நிமிடம் ஆகும். இரண்டு நாளைக்கு மேல் வேலை இல்லையென்றால் செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட்டில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் உப்பிவிடும். உப்பியதைப் பயன்படுத்தவே கூடாது. சார்ஜ் போடும் இடத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், படுக்கும் அறையில் சார்ஜ் போட வேண்டாம்.

மானியம் பற்றி: வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின் 2022 வழிகாட்டுதல்படி வாடகை மையங்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம், வேளாண் பட்டதாரி தொடங்கும் மையத்துக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம். 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம். உங்கள் ஊரில் குழு இருந்தால் அந்த வழிதான் கணக்குக்குக் கட்டுப்படியாகும். நடப்பு நிலவரத்தை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 25இல் வந்த ட்ரோன் விதிகளின்படி 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறு வகை. பத்து லிட்டர் ட்ரோன் நிறைந்த டேங்கோடு இதற்குள் அடங்கும்படிதான் செய்யப்படுகிறது. வகைச் சான்றும் (அந்த மாதிரி ட்ரோனுக்கான ஒப்புதல்) பதிவு எண்ணும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். ஓட்டுபவர் பத்தாம் வகுப்பு தேறி, 18 முதல் 65 வயதுக்குள் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தில் தொலைவிமானிச் சான்று பெற்றிருக்க வேண்டும். அது பத்து வருடம் செல்லும். மீறினால் அபராதம் ஒரு லட்சம் வரை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 12 கிலோமீட்டருக்கு அப்பால் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம், 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை. மேலூருக்கு அந்தத் தொல்லை இல்லை. மதுரை விமான நிலையத்தை ஒட்டிய அவனியாபுரம், பெருங்குடி சுற்றில் வயல் வைத்திருப்பவர்கள் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தைப் பார்க்காமல் யாரையும் கூப்பிடக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வகைச் சான்று இல்லாத பழைய வெளிநாட்டு ட்ரோனை வாங்கிவிடாதீர்கள். பதிவு எண் கிடைக்காது.

வேலை முடிந்ததும் டேங்கை மூன்று முறை சுத்தத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரையும் அதே வயலில் அடித்துவிட வேண்டும். வாய்க்காலிலோ கண்மாயிலோ கழுவ விடாதீர்கள். பத்து லிட்டரில் அடைத்த மருந்தின் அடிமண்டி சாதாரண டேங்கின் அடிமண்டியைவிட இருபது மடங்கு காரம். அதனால்தான் கலக்குபவருக்கு ட்ரோனில் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. வயலுக்குள் நடக்காததால் உடம்பில் படுவது குறையும், ஆனால் வாளியில் கை படுவது செறிந்த மருந்து. ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி கலக்குபவருக்குத்தான் முதலில். அடித்த வயலுக்குள் ஒரு நாள் யாரும் இறங்க வேண்டாம்.

மல்லிகை: முப்பது சென்ட்டுக்கு ட்ரோன் வேண்டாம். வண்டி வந்து போகும் செலவுக்கே கட்டாது. அதைவிட, மொட்டுப்புழு மொட்டுக்குள் இருக்கிறது, விடியலில் மொட்டைக் கையால் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். பறிப்பு முடிந்த கையோடு, செடி செடியாகக் கைத்தெளிப்பானில் அடிப்பதே சரி. பக்கத்து நெல்லுக்கு ட்ரோன் வரும் நாளில் மல்லிகை காற்றடிக்கும் திசையில் இருந்தால் அன்றைக்குப் பறிப்பை முதலில் முடித்துவிடுங்கள்.

அடுத்த முறை ட்ரோன் வரும்போது மருந்தை நீங்களே அளந்து, நாலு ஏக்கருக்கு நாலு பொட்டலமாகவோ நாலு குப்பியாகவோ பிரித்து எடுத்துப் போங்கள். ஒரு டேங்குக்கு ஒரு குப்பி, பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு ஏக்கர் முடிந்ததும் ரிமோட் திரையில் பரப்பு, தெளித்த லிட்டர், வேகம் மூன்றும் நிற்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு பணம் கொடுங்கள். 1.00 ஏக்கருக்கு 9.5லிருந்து 10.5 லிட்டருக்குள் இருந்தால் சரி. 7 என்று காட்டினால் மீதியை அந்த வயலிலேயே குறுக்கு ஓட்டமாக அடித்து முடிக்கச் சொல்லுங்கள்.